மீமைத் தூக்கியது யார்?

வாசகர் கேள்வி: குமுளியில் இருக்கிறேன். கம்பம், கூடலூர், வண்டன்மேடு, வண்டிப்பெரியார் பக்கத்து ஆட்களுக்காக ஒரு ஃபேஸ்புக் பேஜும் ஒரு டெலிகிராம் குழுவும் நடத்துகிறோம். தமிழும் மலையாளமும் கலந்துதான் மீம் வரும். போன மாதம் வடிவேலு படம் வைத்து ஒன்று போட்டோம். மேலே ‘பெரியாறு அணையை உடைக்கணும்னு ஸ்டேட்டஸ் போட்ட மச்சான்’, கீழே ‘சம்பளத்தை வழியிலயே தீர்த்துட்டு வந்ததுக்கு அக்கா உடைச்சது’. சில நிமிடத்தில் ‘வன்முறையும் தூண்டுதலும்’ என்று காரணம் சொல்லித் தூக்கிவிட்டார்கள். அதே வாரம், ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போகும் பெண்களின் படத்தின் மேல் மலையாள எழுத்தில் ‘பாண்டி லோடு எத்தி’ (தமிழரை மட்டம் தட்டும் ‘பாண்டி’யோடு, ‘லோடு வந்தாச்சு’ என்று பொருள்) என்று எழுதி யாரோ போட்டார்கள். பலர் ரிப்போர்ட் அடித்தோம். ‘விதிமீறல் இல்லை’ என்று பதில் வந்தது. இது இயந்திரத்தின் வேலையா, எங்களைக் குறிவைத்து யாராவது ரிப்போர்ட் அடிக்கிறார்களா? எங்கள் டெலிகிராம் குழுவில் இப்படிப்பட்ட படங்களைத் தானாகத் தடுக்க முடியுமா? அட்மின் என்பதால் எங்கள் மேல் கேஸ் வருமா?

பதில்:

சில நிமிடத்தில் போனது என்றால் மனிதர் எவரும் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இயந்திரம்தான். கூட்டமாக ரிப்போர்ட் அடித்துத் தூக்கிவிட்டார்கள் என்ற சந்தேகத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ரிப்போர்ட் எண்ணிக்கையை வைத்து நீக்குவதில்லை என்றுதான் ஃபேஸ்புக் சொல்லிவருகிறது. ஜீப் மீமுக்கு நீங்கள் பலர் ரிப்போர்ட் அடித்தும் அது நின்றதே, அதுவே இதற்குச் சாட்சி.

இயந்திரம் என்று ஒருமையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒரு படம் ஏறும்போது மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ஏற்கெனவே தடுத்து வைத்த படமா என்று ஒன்று பார்க்கும். படத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று ஒன்று படிக்கும். படமும் எழுத்தும் சேர்ந்து எந்த வகை மீறல் என்று மூன்றாவது மதிப்பெண் போடும். மூன்றில் எது கோட்டைவிட்டது என்று கண்டுபிடித்தால்தான் மேல்முறையீட்டில் என்ன எழுதுவது என்று தெரியும். நீங்கள் சொன்ன இரண்டு மீம்களிலும் இயந்திரம் கோட்டைவிட்டது வெவ்வேறு இடத்தில்.

முதல் வேலையிலிருந்து வருவோம். கோப்பின் பைட்டுகளை அப்படியே எண்ணாக்கும் எஸ்எச்ஏ-256 போன்ற ஹாஷ் இங்கே உதவாது. ஒரு புள்ளியின் நிறம் மாறினாலும் மொத்த எண்ணும் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் ஏற்றி இறக்கினாலே படம் மறுபடி சுருங்கி வேறு கோப்பாகிவிடுகிறது. அதனால் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை எண்ணாக்கும் ஹாஷ்கள் வந்தன. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் டார்ட்மத் கல்லூரியின் ஹேனி ஃபரீத்தும் 2009-இல் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ அதில் முன்னோடி. ஃபேஸ்புக் 2019-இல் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது பிடிக்யூ.

இவற்றில் மிக எளியது டி-ஹாஷ். அதைப் புரிந்துகொண்டால் மற்றவையும் புரியும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அகலம் 9, உயரம் 8 புள்ளிகளாகச் சுருக்குங்கள். ஒவ்வொரு வரிசையிலும் இடது புள்ளியைவிட அடுத்தது வெளிச்சமா இருட்டா என்று கேளுங்கள். வரிசைக்கு 8 பதில், 8 வரிசைக்கு 64 பதில். ஆம், இல்லை என்ற அந்த 64 பிட்டுகள்தான் படத்தின் கைரேகை. பிடிக்யூ இன்னும் நுட்பமானது. படத்தை மங்கலாக்கி 64-க்கு 64 ஆகச் சுருக்கி, அதன் பெரிய வெளிச்ச-நிழல் அலைகளை மட்டும் 16-க்கு 16 கட்டத்தில் எடுத்து, ஒவ்வொன்றும் நடுமதிப்புக்கு மேலா கீழா என்று 256 பிட் எழுதும். இரண்டு படங்களின் பிட்டுகளில் எத்தனை வேறுபடுகின்றன என்று எண்ணி, 31 அல்லது அதற்குள் இருந்தால் ஒரே படம் என்று கொள்ளலாம் என்பது அதை வெளியிட்டவர்களின் பரிந்துரை. சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களுக்கு இந்த வித்தியாசம் 128-ஐ ஒட்டி இருக்கும். படத்தில் போதிய விவரம் இருக்கிறதா என்பதற்கும் 100-க்கு ஒரு தர மதிப்பெண் உண்டு. அது 50-க்குக் கீழே போனால் அந்தக் கைரேகையை நம்பக் கூடாது.

மீமுக்கு இந்த முறையில் ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. மீம் என்பதே ஒரே டெம்ப்ளேட்டில் வேறு வேறு வசனம். வடிவேலுவின் முகமோ மலையாள நகைச்சுவை நடிகர் சலீம்குமாரின் முகமோ படத்தின் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டிருக்கும். எழுத்து மேலும் கீழும் ஒரு பட்டை. சுருக்கும்போது எழுத்து மங்கிய கீற்றாகிவிடும். அதனால் ஒரே டெம்ப்ளேட்டில் செய்த வசவு மீமும் உங்கள் வீட்டுச் சண்டை மீமும் கைரேகையில் ஒன்றாகவே தெரியலாம். செக்போஸ்ட்டில் வண்டியின் நிறத்தைப் பார்த்து மட்டும் நிறுத்துவது போலத்தான் இது. எவரோ அதே டெம்ப்ளேட்டில் செய்த மோசமான மீமைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்தால், அந்த நிறத்து வண்டி எல்லாமே மாட்டும்.

இப்படி நடந்ததற்குப் பதிவான எடுத்துக்காட்டு உண்டு. கொலம்பியாவில் போலீஸார் ஒருவரை அடிப்பதைக் காட்டும் கேலிச்சித்திரம் ஒன்று தவறாக, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் தடுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. 2020 செப்டம்பரில் ஒருவர் போட்ட பதிவு 16 மாதம் கழித்து நீக்கப்பட்டது. அந்தச் சித்திரத்துக்காக 215 பேர் மேல்முறையீடு செய்து 98 சதவீதம் ஜெயித்தார்கள். அப்படியும் படம் பட்டியலிலேயே கிடந்தது. மெட்டாவின் நீக்க முடிவுகளை மறுஆய்வு செய்யும் மேற்பார்வை வாரியம் 2022-இல் தலையிட்ட பிறகுதான் சரியானது. இதில் உங்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. அதே வடிவேலு டெம்ப்ளேட்டில் நீங்கள் முன்பு போட்ட வேறு மீம்கள், மாதக்கணக்கில் பழையவை உட்பட, அந்த நாட்களில் காணாமல் போயினவா என்று பேஜின் ஆக்டிவிட்டி பதிவில் பாருங்கள். போயிருந்தால் படம்தான் பட்டியலில் இருக்கிறது. இது ஒன்று மட்டும் போயிருந்தால் சிக்கியது எழுத்தில். அவர்கள் சொன்ன ‘வன்முறையும் தூண்டுதலும்’ என்ற காரணத்தை வைத்துப் பார்த்தால் எழுத்து என்றே தோன்றுகிறது.

இதே கைரேகைக்கு எதிர்த்திசையிலும் பலவீனம் உண்டு. மறுசுருக்கம், லேசான நிற மாற்றம், அளவு மாற்றம் ஆகியவற்றைத் தாங்கும். ஓரத்தை வெட்டினால், தடித்த சட்டம் போட்டால், கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் தாங்காது. போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு போட்டாலே பல நேரம் வேறு படமாகிவிடும். வேண்டுமென்றே ஏமாற்றுபவனுக்கு இது தெரியும், அப்பாவிக்குத் தெரியாது. மாட்டுபவன் பெரும்பாலும் அப்பாவியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி எழுத்து. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் முதலில் எழுத்து இருக்கும் இடங்களைக் கட்டம் கட்டும், பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் படிக்கும். ஃபேஸ்புக் 2018-இல் ரொசெட்டா என்ற பெயரில் இதை அறிவித்தபோது நாளுக்கு நூறு கோடிக்கும் அதிகமான படங்களைப் படிப்பதாகச் சொன்னது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு இது நன்றாக ஓடும். நம் பக்கத்து மீமில் எங்கே இடறும் என்று பார்த்தால் பட்டியல் நீளமானது.

முதலாவது, துணைக்காலும் ‘ர’வும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம். ‘கொ’வில் கொம்பு இடப்புறம், கால் வலப்புறம், எழுத்து நெருக்கமாக இருந்தால் ‘கெர’ என்று பிரித்துப் படித்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி இன்னொரு தொல்லை. வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு போடுவது மீம் வழக்கம். அந்த விளிம்பில் புள்ளி ஒட்டிக்கொள்ளும், அல்லது ஜேபெக் சுருக்கத்தில் கரைந்துவிடும். மலையாளத்தில் கூட்டெழுத்து. 1971-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தாலும் பழைய லிபி எழுத்துருக்கள் மீம்களில் புழக்கத்தில் இருக்கின்றன; புதிய லிபியில் பழகிய இயந்திரம் அங்கே திணறும். உங்கள் பேஜில் வருவதுபோல ஒரே வரியில் தமிழ் எழுத்து, மலையாள எழுத்து, ஆங்கில எழுத்தில் எழுதிய இரண்டு மொழியும் கலந்தால், இது எந்த மொழி என்று முதலில் முடிவு செய்யும் படியே சறுக்கும். ஆங்கில எழுத்தில் எழுதிய ‘பட்டி’யை எடுத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டத்தில் பாதி ஊர்ப் பெயர் அதில்தான் முடிகிறது. மலையாளம் என்று முடிவு கட்டிவிட்டால் அது நாய், அதாவது வசவு.

உங்கள் மீம் விஷயத்தில் எழுத்து சரியாகவே படிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ‘அணையை உடைக்கணும்’, ‘உடைச்சது’ என்ற சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. முல்லைப் பெரியாறு விவகாரம் சூடாகும் நேரங்களில் அதே சொற்களோடு மிரட்டல் பதிவுகளும் ஏராளமாக வந்திருக்கும். வசனம் மட்டும் பார்த்து எந்த வகை மீறல் என்று மதிப்பெண் போடும் மென்பொருளுக்கு, அதாவது வகைப்படுத்திக்கு, உங்கள் மச்சானும் அந்த ஆட்களும் ஒன்று. முதல் வரியில் இருப்பது மச்சானின் ஸ்டேட்டஸ், அது பேஜின் கருத்து அல்ல. இரண்டாம் வரி அவரைக் கிண்டல் செய்கிறது. பிறர் சொன்னதை எடுத்துச் சொல்வதையும் தானே சொல்வதையும் பிரித்தறிவது இந்த வகைப்படுத்திகளின் மிகப் பெரிய ஓட்டை. வெறுப்பைக் கண்டித்து அதை மேற்கோள் காட்டுபவர்களும் இதே காரணத்தால் மாட்டுகிறார்கள்.

ஜீப் மீம் இதற்கு நேர் எதிர். அது ஏன் தப்பியது என்பது மூன்றாவது வேலையின் கதை.

படமும் எழுத்தும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று பார்க்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் இப்போது பல. ஓபன்ஏஐ 2021 ஜனவரியில் வெளியிட்ட கிளிப் அவற்றில் பிரபலம். 40 கோடி படம்-வாசக ஜோடிகளில் பழகியது. அதன் பரவலான ஒரு வடிவம் எந்தப் படத்தையும் 224-க்கு 224 புள்ளியாகச் சுருக்கி, 32 புள்ளிச் சதுரங்களாக வெட்டி, 49 துண்டாகத்தான் பார்க்கும். நீங்கள் 1080-க்கு 1080 அளவில் செய்த மீமில் 40 புள்ளி உயரத்துக்கு எழுதிய எழுத்து அங்கே 8 புள்ளி உயரம்தான். தமிழ்ப் புள்ளி அதில் இருந்த இடம் தெரியாது. கிளிப்புக்குப் படத்தில் உள்ள எழுத்து வேறு விதத்திலும் தலைவலி. ஆப்பிள் பழத்தின் மேல் ‘ஐபாட்’ என்று எழுதிய காகிதத்தை ஒட்டினால் அதை ஐபாட் என்றே சொன்னது என்று அதை உருவாக்கியவர்களே 2021-இல் காட்டினார்கள். படத்தில் எழுதி வைத்தே இயந்திரத்தைத் திசைதிருப்பலாம் என்பது இதன் பொருள். படத்தைப் பார்த்து விளக்கமே எழுதும் இன்றைய பெரிய மாதிரிகள் மீமைக் கணிசமாக நன்றாகப் படிக்கின்றன. ஆனால் ஒரு படத்துக்கு ஆகும் செலவும் நேரமும் கைரேகைக்கு ஆவதைவிடப் பன்மடங்கு. எல்லாப் படத்தையும் அவற்றிடம் அனுப்ப எவருக்கும் கட்டுப்படியாகாது.

ஜீப் மீமில் படம் தனியாக எந்தக் குற்றமும் செய்யவில்லை. காலையில் லோயர் கேம்ப் பக்கம் நின்றால் தினமும் காணும் காட்சி. எழுத்தும் தனியாகப் பார்த்தால் ‘பாண்டி’, ‘லோடு’, ‘வந்தாச்சு’. இரண்டையும் சேர்த்தால்தான் மனிதர்களைச் சரக்காக்கும் இழிவு பிறக்கிறது. ஃபேஸ்புக் 2020-இல் நடத்திய வெறுப்பு மீம் போட்டி இந்த இடத்தைச் சோதிக்கவே வடிவமைக்கப்பட்டது. 10,000-க்கும் மேற்பட்ட மீம்கள். ஒரு வெறுப்பு மீமுக்குப் பக்கத்தில் அதே வாசகம் வேறு படம், அதே படம் வேறு வாசகம் என்று குற்றமற்ற ஜோடிகளும் வைத்தார்கள், குறுக்குவழியில் விடை சொல்லக் கூடாது என்பதற்காக. மனிதர்கள் 84.7 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். போட்டியை அறிவித்தபோது இருந்த அடிப்படை மாதிரிகளில் சிறந்தது 65-ஐ ஒட்டி நின்றது. அதுவும் ஆங்கிலத்தில். தமிழ் ட்ரோல் மீம்களுக்கு ஆய்வாளர்கள் 2020-இல் சேர்த்த தொகுப்பில் இருந்தவை 3,000-க்கும் சற்றுக் குறைவு. எல்லைப்பக்கத்து இருமொழி மீமை இயந்திரம் படித்துப் பழக வேண்டிய தீனி அவ்வளவுதான் கிடைக்கிறது.

‘பாண்டி’ இன்னும் சிக்கல். மலையாளத்தில் தமிழனை மட்டம் தட்டும் சொல்லாகப் புழங்குகிறது. திருச்சூர் பூரத்தின் இலஞ்சித்தறை மேளம் பாண்டி மேளம்தான். கம்பத்தில் ஒரு தெருவில் கூப்பிட்டால் நாலு பாண்டி திரும்பிப் பார்ப்பார்கள். சொல்லைத் தடை செய்தால் மேளக்காரர்களும் உங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேரும் போவார்கள்; விட்டால் ஜீப் மீம் நிற்கும். இன்னொன்றும் உண்டு. வெறுப்புப் பேச்சை அறியும் வகைப்படுத்திகள் எந்த இந்திய மொழிகளில் இருக்கின்றன என்று 2021 அக்டோபரில் கேட்கப்பட்டபோது ஃபேஸ்புக் சொன்ன பெயர்கள் இந்தி, வங்காளம், தமிழ், உருது. மலையாளம் அதில் இல்லை. அதோடு மெட்டா 2025 ஜனவரியில், தானியங்கி நீக்கத்தைப் பயங்கரவாதம், குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல், போதைப்பொருள், மோசடி போன்ற கடும் மீறல்களில் குவிப்பதாகவும், சிறியவற்றுக்கு யாராவது புகார் செய்யும்வரை காத்திருப்பதாகவும் அறிவித்தது. ஆகவே ஜீப் மீம் போன்றவை இனி உங்கள் புகாரின் தரத்தை நம்பித்தான் இருக்கின்றன.

தவறு நேராமலே ஓட்ட முடியாதா என்றால், கணக்கு இடம் கொடுக்காது. வைத்துக்கொள்ளுங்கள்: 1,00,000 மீம்கள், அதில் நூற்றுக்கு ஒன்று மோசம், அதாவது 1,000. இயந்திரம் மோசமானதில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நல்லதில் 2 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கிறது. கேட்கும்போது நல்ல இயந்திரம்தான். பிடிபட்ட மோசம் 900. பிடிபட்ட நல்லது 99,000-இல் 2 சதவீதம், 1,980. மாட்டியவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அப்பாவி. பிடிக்கும் அளவுகோலை இறுக்கினால் அப்பாவிகள் குறைவார்கள், மோசமானவையும் கூடவே தப்பும். அந்த அளவுகோலை எங்கே வைப்பது என்பது நிறுவனத்தின் முடிவு. இயந்திரத்தின் மேல் பழி போட்டு அதை மறைத்துவிடுகிறார்கள்.

மேல்முறையீட்டில் ‘நாங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை’ என்று எழுதுவது வீண். மீமின் இரண்டு வரியையும் தட்டச்சு செய்து கொடுங்கள். முதல் வரி யாருடைய கூற்று, இரண்டாம் வரி யாரைக் கிண்டல் செய்கிறது என்று இரண்டே வாக்கியம் எழுதுங்கள். எவருக்கும் எந்த இடத்துக்கும் மிரட்டல் இல்லை என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். கேலி என்ற வாதத்துக்கு முன்னுதாரணம் இருக்கிறது: இரண்டு பட்டன் முன் வியர்த்து நிற்கும் ஆளின் மீமில் துருக்கிக் கொடியையும் ஆர்மீனிய இனப்படுகொலை பற்றிய வாசகங்களையும் வைத்ததற்காக நீக்கிய பதிவை மேற்பார்வை வாரியம் 2021-இல் திரும்ப வைக்கச் சொன்னது. ஒருவர் சொல்லும் முரண்பாட்டை நக்கலடிக்கவே அந்த வாசகங்கள் வந்தன என்பதுதான் அங்கே ஏற்கப்பட்ட வாதம். உங்கள் மச்சானுக்கும் அது பொருந்தும்.

ஜீப் மீமுக்குப் புகார் தரும்போது, பட்டியலில் வெறுப்புப் பேச்சைத் தேர்ந்தெடுத்து, எழுதும் இடம் கிடைத்தால் மலையாள வாசகத்தின் பொருள், ‘பாண்டி’ இங்கே இன இழிவாக வருகிறது என்பது, படத்தில் இருப்பவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் என்பது, மூன்றையும் எழுதுங்கள். பத்துப் பேர் வெறுமனே ரிப்போர்ட் அடிப்பதைவிட இது மேல். அதுவும் நடக்கவில்லையென்றால் நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள்படி இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள தளங்கள் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும். தளம் தானாக ஒரு பதிவை நீக்கினால் காரணம் சொல்லி, மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. உங்கள் வடிவேலு மீமுக்கு இதைக் குறிப்பிடலாம். அதிகாரியின் பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம். ஸ்கிரீன்ஷாட், பதிவின் இணைப்பு, நாள், நேரம், வந்த பதில் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

இனி உங்கள் டெலிகிராம் குழு. இங்கே வேலை எளிது, ஏனென்றால் குழுவில் தானாக இயங்கும் நிரலான பாட் வைத்துக்கொள்ளலாம். பாட் உருவாக்கித் தரும் டெலிகிராமின் பாட்ஃபாதர் கணக்கில் ஒன்றை உருவாக்கி, செய்தியை நீக்கும் உரிமையோடு அட்மின் ஆக்குங்கள். அட்மினாக இருக்கும் பாட்டுக்குக் குழுவின் எல்லாச் செய்தியும் வரும். பைத்தானில் இமேஜ்ஹாஷ் என்ற நூலகம் இலவசம். அதில் உள்ள, டி-ஹாஷ் போன்ற இன்னொரு கைரேகையான 64 பிட் பி-ஹாஷில் வித்தியாசம் 4-க்குள் என்றால் அதே படம், 5 முதல் 10 வரை ஆள் பார்க்க வேண்டும், அதற்கு மேல் வேறு படம் என்று தொடங்குங்கள். பிறகு உங்கள் படங்களை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். ஹாஷ் எடுக்கும் முன் ஒரே நிறமாக ஓடும் ஓரப் பட்டைகளைத் தானாக வெட்டிவிட்டால் ஸ்கிரீன்ஷாட் தொல்லை பாதி தீரும். கண்ணாடிப் பிம்பத்துக்கும் ஒரு ஹாஷ் சேர்த்து வையுங்கள்.

மிக முக்கியமான விதி: படம் ஒத்துப்போனது என்பதற்காக மட்டும் நீக்கக் கூடாது. படமும் ஒத்துப்போய், உள்ளே இருக்கும் வாசகமும் ஒத்துப்போனால்தான் நீக்கம். மேலே சொன்ன டெம்ப்ளேட் கோளாறுக்கு இது ஒன்றுதான் மருந்து. வாசகத்துக்கு டெஸராக்ட் என்ற இலவச ஓசிஆர் மென்பொருள் போதும். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்று மொழிக் கோப்புகளையும் சேர்த்து ஓட்டுங்கள். படத்தை இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, அதன் நேர்வடிவத்தையும் தலைகீழ் வடிவத்தையும் தனித்தனியே படிக்கச் சொல்லுங்கள். வெள்ளை எழுத்து, கறுப்பு விளிம்பு மீமில் இரண்டில் ஒன்றாவது தேறும். சிதறிக் கிடக்கும் எழுத்துக்கு டெஸராக்டின் 11-ஆம் பக்க முறை, மேலும் கீழும் உள்ள பட்டையைத் தனியாக வெட்டிக் கொடுத்தால் 6-ஆம் முறை.

வந்த எழுத்தை அப்படியே ஒப்பிடாதீர்கள். யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுத முடியும், முதலில் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவந்து, கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல எழுத்துகளை நீக்குங்கள். சொல் ஐந்தெழுத்துக்கு மேல் இருந்தால் ஒரு எழுத்துப் பிழையை மன்னியுங்கள். சொல்லின் நடுவில் தேடாதீர்கள்: ‘பாண்டி’யைத் தேடினால் பாண்டியனும் பாண்டிச்சேரியும் சேர்ந்து போவார்கள். அதற்காக முழுச்சொல்லை மட்டும் தேடினால் ‘பாண்டிகளுக்கு’ தப்பிவிடும். ஆகவே வேர்ச்சொல், அதோடு வரக்கூடிய விகுதிகள், விதிவிலக்குச் சொற்கள் என்று மூன்று பட்டியல் தேவை. தமிழ் தெரிந்த அட்மின் ஒருவரும் மலையாளம் தெரிந்த அட்மின் ஒருவரும் தனித்தனியே உட்கார்ந்து எழுதுவது நல்லது. இருவரும் ஒத்துப்போகாத சொற்கள் எல்லாம் தானியங்கி நீக்கத்துக்கு லாயக்கில்லாதவை; ஆள் பார்க்கும் வரிசைக்கு அனுப்புங்கள்.

பாட் எழுதுபவர்கள் வழக்கமாக மறக்கும் ஓட்டைகள் சில. ‘போட்டோ’வாக வருவதை மட்டும் பார்த்து, ‘ஃபைல்’ ஆக வரும் படத்தை விட்டுவிடுவார்கள். ஸ்டிக்கர் வெப்பி வடிவத்திலும், ஜிஃப் எம்பி4 வடிவத்திலும் வரும். ஜிஃப்பில் முதல், நடு, கடைசிச் சட்டத்தைப் பாருங்கள். முதலில் பூப்படம் போட்டுவிட்டு எடிட் செய்து மீமாக மாற்றும் ஆட்கள் உண்டு, ஆகவே எடிட் ஆன செய்தியையும் மறுபடி சோதிக்க வேண்டும். ஆல்பத்தில் ஒவ்வொரு படமும் தனிச் செய்தியாக வரும். 20 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை பாட் இறக்க முடியாது. அவற்றை அட்மின் வரிசைக்கு அனுப்புங்கள்.

முதல் இரண்டு வாரம் பாட் எதையும் நீக்க வேண்டாம். நீக்கியிருக்கும் என்று நினைப்பவற்றை அட்மின்களுக்கு மட்டும் அனுப்பட்டும். அதில் ஒரு 200 படங்களை எடுத்து ஆம், இல்லை என்று கையால் குறியுங்கள். பாட் நீக்கச் சொன்னவற்றில் பத்தில் ஒன்றுக்கு மேல் அப்பாவியாக இருந்தால் தானியங்கி நீக்கத்தை முடுக்காதீர்கள். தடுப்புப் பட்டியலில் சேர்க்கும் ஒவ்வொரு படத்துக்கும் யார் சேர்த்தது, ஏன், எந்த நாள் என்று ஒரு வரி இருக்கட்டும். கொலம்பியச் சித்திரம் அத்தனை நாள் கிடந்தது பட்டியலைத் திரும்பிப் பார்க்காததால்தான். ஒரு படத்துக்கு இரண்டு முறை மறுப்பு வந்து ஜெயித்தால் அதைத் தானாகவே பட்டியலிலிருந்து இறக்கும்படி எழுதிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் இதைச் செய்ய முடியாது. செய்திகள் இரு முனைக்கும் இடையே பூட்டப்பட்டவை. நிறுவனமே உள்ளே பார்க்காது. யாராவது ரிப்போர்ட் செய்தால் கடைசி ஐந்து செய்திகள் அவர்களுக்குப் போகும், அவ்வளவுதான்.

கேஸ் பற்றி: எல்லையின் இரண்டு பக்கத்து உயர்நீதிமன்றமும் ஏறத்தாழ ஒரே திசையில் பேசியிருக்கின்றன. உறுப்பினர் போட்ட பதிவுக்கு வாட்ஸ்அப் குழு அட்மின் என்ற ஒரே காரணத்தால் பொறுப்பாக மாட்டார் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொன்னது. அட்மினாக மட்டும் இருந்தவரின் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்க வேண்டியதில்லை என்ற திசையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் உத்தரவிட்டது. பதிவுக்கு நீங்களும் உடந்தை என்றால் கதை வேறு. புகார் வந்த நேரமும் நீக்கிய நேரமும் பாட்டின் பதிவேட்டில் இருந்தால் உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

பாட்டிடம் ஒரு போதும் விடக் கூடாத வகை ஒன்று உண்டு. குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படம் குழுவில் விழுந்தால், மாதிரிக்கு என்று சேமிக்காதீர்கள், அட்மின் வரிசைக்கும் அனுப்பாதீர்கள், ஆதாரம் என்று யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் சேமிப்பதும் பரப்புவதும் குற்றம். அனுப்பியவரின் கணக்குப் பெயர், எண், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, படத்தை நீக்கி, தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் கொடுங்கள். ஊர்ப் பெண் ஒருவரின் படத்தை வெட்டி ஒட்டி ஆபாசமாக மீம் ஆக்கியிருந்தால், 18 வயது நிறைந்தவர் என்றால், ஒப்புதலின்றிப் பரவும் அந்தரங்கப் படங்களைத் தடுக்கும் ஸ்டாப்என்சிஐஐ தளத்துக்கு அவரே போகலாம். படம் அவர் போனை விட்டு வெளியே போகாது. கைரேகை மட்டும் போனிலேயே உருவாகி, அதில் சேர்ந்திருக்கும் தளங்களுக்குப் போகும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இதே முறையில் இயங்குவது டேக் இட் டவுன். இரண்டும் இலவசம்.